படகில் ரைஸ் குக்கர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வீட்டுக் கூரைக்குச் சோலார் போடுவது பற்றி அடிக்கடி எழுதுகிறீர்கள். திருகோணமலை கொட்பே மீன்பிடித் துறைமுகத்தில் கட்டிக் கிடக்கும் பலநாள் படகுகளுக்கு எது பொருந்தும் என்று ஒருவரும் எழுதக் காணோம். பட்டவன் என்பதால் நான் எழுதுகிறேன்.

போன சோளகக் காற்றுக் காலத்தில் என் மருமகன் 700 வாற்று ரைஸ் குக்கரும் ஒரு இன்வேட்டரும் வாங்கிவந்தான். காஸ் அடுப்பு காற்றுக்கு நூருகிறதாம். எஞ்சின் பற்றரியிலேயே கொழுவினோம். 12 வோல்ற்றில் அந்தக் குக்கர், இன்வேட்டர் தின்பதையும் சேர்த்து, 65 அம்பியர் இழுக்கும் என்று அப்போது யாருக்குத் தெரியும்? வலை படுத்துவிட்டு எஞ்சினை நிறுத்தியிருந்தோம். சோறு என்னவோ பூப்போல வெந்தது. விடியப்புறம் வலை வாங்க எழும்பித் திறப்பைத் திருப்பினால் 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பக்கத்துப் படகுக்காரர் பற்றரி தந்திராவிட்டால் நீரோட்டம் எங்களை எங்கே கொண்டுபோயிருக்குமோ.

இப்போது எஞ்சின் பற்றரியில் வேறெதுவும் தொடுப்பதில்லை. பாவனைக்குத் தனிப் பற்றரி, மேலே இரண்டு 100 வாற்றுச் சோலார்த் தகடு. 15 வாற்று டிசி விசிறி, எல்ஈடி விளக்கு, போன், சின்ன ரிவி எல்லாம் தாராளமாக ஓடுகின்றன. கயிற்று நிழல் குறுக்கே விழுந்தாலே மின் இறங்கிவிடும். உப்புப் படிந்தாலும் அப்படித்தான், காலையில் நன்னீர்த் துணியால் துடைக்கவேண்டும். வாடை மழைக்குத் தகட்டை நம்பமுடியாது, எஞ்சின் ஓடும்போது ஏற்றிக்கொள்வதுதான். ஈயப் பற்றரியைப் பாதிக்குக் கீழே இறக்கினால் சீக்கிரம் செத்துவிடும். லிதியம் தாங்கும், விலைதான் கையைச் சுடுகிறது.

சூடாக்குகிற சாமான் எதையும் பற்றரியில் போடாதீர்கள். சோற்றுக்குக் காஸ்தான். சிலிண்டர் திறந்த தட்டில் இருக்கட்டும். காஸ் காற்றைவிடப் பாரம், கசிந்தால் படகின் அடியில் போய்த் தேங்கும்.

சிலர் மழைக்குப் பயந்து பெற்றோல் ஜெனரேற்றரைப் படுக்கிற அறைக்குள் வைத்துக் கதவையும் சாத்துகிறார்கள். அந்தப் புகையிலுள்ள காபன் மொனொக்சைட்டுக்கு மணமே இல்லை. படுத்தவன் எழும்பமாட்டான்.

கடலுக்குப் போகுமுன் லைஃப் ஜக்கற் எண்ணுகிற அதிகாரிகள் பற்றரி இணைப்பையும் ஒருதரம் எட்டிப்பார்த்தால் என்ன? குக்கர் இப்போது என் மகள் வீட்டுக் குசினியில் வேலைசெய்கிறது.

கடற்றொழிலாளி ஒருவர்,
திருக்கடலூர், திருகோணமலை.