கோச்சை மாற்றச் சொல்லும் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

இந்தியக் கால்பந்து அணிக்காகத் தொண்டை வறளக் கத்தும் அண்ணன் தம்பிகளுக்கும் அக்கா தங்கைகளுக்கும்,

வணக்கம். இதை எழுதுவது 2025 நவம்பர் 21. ஆசியக் கோப்பைத் தகுதிச் சுற்றில் டாக்காவில் வங்கதேசத்திடம் தோற்று மூன்று நாள் ஆகிறது. எனக்கு இன்னும் ஆறவில்லை, உங்களுக்கும் ஆறியிருக்காது. ஆட்டம் தொடங்கிப் பதினைந்து நிமிடம்கூட ஆகவில்லை, அவர்களின் ஷேக் மோர்சலின் கோல் அடித்துவிட்டார். மிச்ச நேரம் முழுக்க முட்டி மோதியும் ஒரு கோலைத் திருப்ப முடியவில்லை. வங்கதேசம் நம்மை ஜெயித்து 22 வருடம் ஆகியிருந்தது. உலகத் தரவரிசையில் 136ஆம் இடத்தில் இருந்த நாம் 183ஆம் இடத்தில் இருந்த அணியிடம் தோற்றோம். அதே இரவு சிங்கப்பூர் ஹாங்காங்குக்குப் போய் 2-1 என்று ஜெயித்து 2027 ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றுவிட்டது. இந்தக் குழுவுக்குக் குலுக்கல் நடந்தபோது நாலு அணிகளில் தரவரிசையில் மேலே இருந்தது நாம்தான்.

அன்று ராத்திரியே நம் ஆட்கள் சண்டையை ஆரம்பித்துவிட்டார்கள். கோச் காலித் ஜமீலைத் தூக்கு என்கிறது ஒரு பக்கம். மறுபடி வெளிநாட்டுக் கோச் வேண்டும் என்கிறார்கள் சிலர். டிஃபன்ஸில் மூன்று பேரா நாலு பேரா என்று விடிய விடியப் பேசிய நண்பர்கள் எனக்கே இருக்கிறார்கள். நானும் அதில் கத்தியவன்தான். ஆனால் இந்த மூன்று நாளாக ஒரு விஷயம் மனசை அரித்துக்கொண்டே இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

கொஞ்சம் பின்னால் போய்ப் பாருங்கள். 2019 ஜனவரி, ஷார்ஜா. பஹ்ரைனோடு டிரா செய்திருந்தால் போதும், ஆசியக் கோப்பையில் அடுத்த சுற்று. 90 நிமிடம் தாக்குப்பிடித்துவிட்டு, கூடுதல் நேரத்தில் பெனால்டி கொடுத்துத் தோற்றோம். கோச் ஸ்டீபன் கான்ஸ்டன்டைன் அன்றிரவே விலகினார். அப்போது நாம் பேசியது என்ன? பந்தைத் தூக்கித் தூக்கிப் போடுகிறார், பாஸ் ஆடவே தெரியவில்லை, ஆள் போனதே நல்லது. அதற்கு ஒரு வாரம் முன்பு அதே அணி தாய்லாந்தை 4-1 என்று அடித்திருந்தது. அதை மறந்துவிட்டோம்.

அப்புறம் இகோர் ஸ்டிமாச் கோச்சாக வந்தார். பாஸ் ஆட்டம் வந்தது. 2023இல் தெற்காசிய நாடுகளுக்கான சாஃப் கோப்பையை வாங்கினோம், தரவரிசையில் நூறுக்குள் நுழைந்தோம். நம்மில் பலரும் உலகக் கோப்பைக் கணக்கே போட ஆரம்பித்துவிட்டோம். ஆறே மாதத்தில் கத்தாரில் நடந்த ஆசியக் கோப்பையில் மூன்று ஆட்டமும் தோல்வி, ஒரு கோல்கூட இல்லை. மார்ச்சில் குவஹாத்தியில் ஆப்கானிஸ்தானிடமும் தோற்றதும், ‘பாஸ் ஆடியது போதும், ரிசல்ட் வேண்டும்’ என்றோம். ஜூனில் அவரும் போனார்.

அடுத்து மனோலோ மார்க்கேஸ். கோவா கிளப் அணியின் கோச் வேலையைப் பார்த்துக்கொண்டே நாட்டு அணியையும் பார்த்தார். எட்டு ஆட்டத்தில் ஒரே ஒரு வெற்றி, அதுவும் மாலத்தீவோடு. ஹாங்காங்கில் 94ஆவது நிமிடப் பெனால்டியில் தோற்றபோது முதலில் கீப்பரைத் திட்டினோம், பிறகு கோச்சைத் திட்டினோம். ‘நம்ம ஊர் ஆளையே போடுங்கள், நம் பையன்களைத் தெரிந்தவர் வேண்டும்’ என்று கேட்டதும் நாம்தான். 2025 ஆகஸ்டில் ஜமீலைப் போட்டார்கள். கிட்டத்தட்ட 13 வருடம் கழித்து ஒரு இந்தியர் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

ஜமீல் யார் என்பது நமக்குத் தெரியாததா? கீழ் டிவிஷனுக்கு இறங்க வேண்டிய நிலையில் இருந்து தப்பி வந்த ஐஸால் அணியை வைத்துக்கொண்டு 2016-17இல் தேசிய லீக்கான ஐ-லீக் பட்டம் வாங்கியவர். பின்னால் இறுக்கமாக நிற்க வேண்டும், கிடைத்த வாய்ப்பில் குத்த வேண்டும், அவ்வளவுதான் அவர் ஆட்டம். பொறுப்பேற்று ஒரு மாதத்துக்குள் தஜிகிஸ்தானை அவர்கள் மண்ணிலேயே 2-1 என்று ஜெயித்தார். நம் உவைஸ் ஓரக்கோட்டிலிருந்து எறிந்த நீளமான த்ரோவில்தான் முதல் கோல் விழுந்தது. ஓமனைப் பெனால்டியில் வென்று அந்த மத்திய ஆசியக் கோப்பைப் போட்டியில் (காஃபா) மூன்றாம் இடம். அன்று அந்த த்ரோவைக் கொண்டாடிய நாமே இன்று ‘இது என்ன பழைய காலத்து ஆட்டம்’ என்கிறோம். 2019இல் கான்ஸ்டன்டைனைத் திட்டிய அதே வார்த்தை! சுற்றிச் சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே வந்து நிற்கிறோம்.

ஆட்டத்தைப் பற்றிப் பேசவே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஜமீல் மேல் எனக்கும் வருத்தம் உண்டு. அக்டோபர் 14, கோவாவின் மட்காவ், சிங்கப்பூரோடு. சொந்த மண், ஜெயித்தே ஆக வேண்டிய ஆட்டம். 14ஆவது நிமிடத்தில் நம் சாங்டே தூரத்திலிருந்து அடித்தாரே, அந்தப் பந்து வலைக்குள் போனபோது நான் பக்கத்தில் இருந்தவரைக் கட்டிப்பிடித்துவிட்டேன், அவர் யாரென்றே தெரியாது. அந்தக் கோலுக்குப் பிறகு நாம் ஒவ்வோர் அடியாகப் பின்னால் போனோம். நடுக்களத்தில் சிங்கப்பூர்க்காரர்களுக்குத் தாராளமாக இடம் கொடுத்தோம். இடைவேளைக்கு ஒரு நிமிடம் முன்னால் சோங் உய்-யங் சமன் செய்தார். 58ஆவது நிமிடத்தில் மறுபடி அவரே. பின்னால் நின்று குத்தும் ஆட்டம் நம்மைவிடப் பெரிய அணிகளிடம் எடுபடும். நாமே போய்க் கதவை உடைக்க வேண்டிய ஆட்டத்துக்கு அவரிடம் இரண்டாவது திட்டம் இருந்த மாதிரி தெரியவில்லை. இதை அவர் முகத்துக்கு நேராகவே சொல்வேன்.

ஆனால் இந்தக் கணக்கையும் பாருங்கள். தகுதிச் சுற்றில் இதுவரை ஐந்து ஆட்டம். இரண்டு மார்க்கேஸ் காலத்தில், மூன்று ஜமீல் காலத்தில். மொத்தம் 450 நிமிடம். நாம் அடித்தது 2 கோல். ஒன்று சாங்டே அடித்தது, மற்றொன்று சிங்கப்பூரில் பத்துப் பேரோடு ஆடிக்கொண்டிருந்தபோது 90ஆவது நிமிடத்தில் ரஹீம் அலி அடித்தது. எதிரே நின்றவை வங்கதேசம், ஹாங்காங், சிங்கப்பூர். கோச் மாறினார், ஃபார்மேஷன் மாறியது, ஆட்கள் மாறினார்கள். கோல் மட்டும் வரவில்லை.

முன்னாள் கேப்டன் சுனில் சேத்ரியை மறுபடி கூப்பிட்டதற்காக மார்க்கேஸை நாம் கேலி செய்தோம். ஓய்வு பெற்ற மனிதரை 40 வயதில் கூப்பிடுகிறார்களே என்று கேட்டோம். ஆனால் அந்த 2024-25 ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) சீசனில் அவர் அடித்தது 14 கோல். வேறு எந்த இந்தியரும் அத்தனை அடிக்கவில்லை. அப்படியிருக்க ஒரு கோச் வேறு யாரைக் கூப்பிடுவார்? அந்த சீசனில் அதிக கோல் அடித்தவருக்கான தங்கக் காலணி, 23 கோல் அடித்த மொராக்கோக்காரர் அலாயெத்தின் அஜராய்க்குப் போனது. 2014இல் ஐஎஸ்எல் தொடங்கியதிலிருந்து 11 சீசன் முடிந்துவிட்டது. ஒரு தடவைகூட அந்தப் பரிசு ஓர் இந்தியருக்குக் கிடைக்கவில்லை.

காரணம் நமக்கெல்லாம் தெரிந்ததுதான். களத்தில் நாலு வெளிநாட்டு வீரர் ஆடலாம். எந்த முதலாளியும் அந்த நாலில் ஒருவரை ஒன்பதாம் நம்பருக்கு, அதாவது நடு ஸ்ட்ரைக்கர் இடத்துக்கு வாங்குவார். ஜெயிக்க வேண்டும் என்றால் நானும் அதைத்தான் செய்வேன், அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அதனால் நம் பையன் ஒன்று பெஞ்சில் உட்காருகிறான், இல்லையென்றால் விங்குக்குத் தள்ளப்படுகிறான். வருடம் முழுக்க விங்கில் ஆடியவனை நாட்டு அணிக்குக் கூப்பிட்டுப் பத்து நாள் முகாமில் நடு ஸ்ட்ரைக்கராக மாற்று என்று கோச்சிடம் சொல்கிறோம். முடியாதபோது கோச்சை மாற்றுகிறோம்.

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் வடசென்னையில் ஒரு மைதானத்தில் சின்னப் பையன்களுக்குப் பந்து பொறுக்கிப் போட்டு உதவப் போவேன். புல் இல்லாத செம்மண் மைதானம், கோல் கம்பத்துக்கு வலை கிடையாது. போன மாதம் புதுச் சட்டைகள் வந்தன. அங்கே 14 வயதுப் பையன் ஒருவன் இருக்கிறான். கோலுக்கு முதுகைக் காட்டியபடி பந்தை வாங்கி, ஆளை ஒட்டிக்கொண்டே திரும்பி இடது காலால் அடிப்பான். அதை யாரும் அவனுக்குச் சொல்லித்தரவில்லை. அவனிடம் ஒன்பதாம் நம்பர் சட்டையை நீட்டினேன். கையை நீட்டவே இல்லை.

“பதினொண்ணு குடுங்கண்ணா.”

“ஏன்டா?”

“ஒன்பதுன்னா வெளிநாட்டு ஆளைத்தான்ணா எடுப்பாங்க. விங்ல போனா சான்ஸ் இருக்கு.”

சலித்துக்கொண்டெல்லாம் சொல்லவில்லை. பஸ் எந்தப் பக்கம் வரும் என்று வழி சொல்கிற மாதிரி சொன்னான். இப்போது ஓரக்கோட்டை ஒட்டி ஓடிக்கொண்டிருக்கிறான். அவன் கணக்குத் தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நண்பர்களே, டாக்காவில் காணாமல் போன ஸ்ட்ரைக்கர் இந்த மாதிரி ஒரு மைதானத்தில்தான் ஏதோ ஒரு வயதில் விங்குக்கு நகர்ந்துபோனார். அதை எந்த ஃபார்மேஷன் சரி செய்யும்?

இந்த 2025 நவம்பரில் அந்த லீக்கும் நின்று கிடக்கிறது. அனைத்திந்தியக் கால்பந்துக் கூட்டமைப்புக்கும் ஐஎஸ்எல்லை நடத்தும் நிறுவனத்துக்கும் 2010இல் போட்ட 15 வருட ஒப்பந்தம் 2025 டிசம்பர் 8ஆம் தேதி முடிகிறது. புதுப்பிக்கிற பேச்சு இழுத்தடித்ததால் ஜூலையிலேயே லீக்கை நிறுத்திவைத்தார்கள். அப்புறம் டெண்டர் விட்டார்கள். கடைசி நாளான நவம்பர் 7 போனது, ஒருவர்கூட விண்ணப்பிக்கவில்லை. எங்களை ஆடவிடுங்கள் என்று வீரர்களே பகிரங்கமாகக் கெஞ்சினார்கள். இந்தப் பருவத்தில் பல வீரர்களுக்கு உருப்படியாகக் கிடைத்தது கிளப்புகளுக்கான சூப்பர் கப்பின் குழு ஆட்டங்கள் மூன்றுதான். ஆகஸ்ட் முகாமுக்குச் சில கிளப்புகள் ஆளே அனுப்பவில்லை. மாதக்கணக்காகப் போட்டி ஆடாத கால்களோடுதான் டாக்காவில் ஓடினார்கள். அந்த ஆட்டத்தை உட்கார்ந்து அலசி ‘ஜமீல் ஆளை மாற்றியது லேட்’ என்று நாம் முடிவு கட்டுகிறோம்.

வெளிநாட்டில் பிறந்த இந்திய வம்சாவளி வீரர்களைக் கொண்டுவந்தால் எல்லாம் சரியாகும் என்று நம்புகிறவர்களும் நம்மில் நிறைய. இங்கிலாந்தில் பிறந்த ஹம்சா சவுத்ரி வந்த பிறகு வங்கதேசம் வேறு அணியாகிவிட்டது என்பது உண்மைதான். நம் சட்டம் இரட்டைக் குடியுரிமையை ஏற்காது. ரயன் வில்லியம்ஸ் ஆஸ்திரேலியப் பாஸ்போர்ட்டையே விட்டுவிட்டு வந்திருக்கிறார். அவரை இரண்டு கையாலும் வரவேற்கிறேன். இன்னும் நாலு பேர் வந்தாலும் சந்தோஷம். ஆனால் வடசென்னைப் பையன் எந்த நம்பர் சட்டை கேட்கிறான் என்பது அதனால் மாறாது. சிங்கப்பூரைப் பாருங்கள், அவர்களைக் கரையேற்றியவர் முப்பதுகளில் இருக்கும் உள்ளூர்க்காரர் கேவின் லீ, அப்போது இடைக்காலக் கோச். பெரிய பெயர் ஒன்றைத் தேடி நாம் அலையும்போது அதையும் கொஞ்சம் யோசிக்கலாம்.

பழைய பெருமை பேசும்போது எல்லோரும் அந்தக் காலத்துக் கோச் சையத் அப்துல் ரஹீமை, ரஹீம் சாபை, இழுப்போம். 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நாலாம் இடம், 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தென்கொரியாவை 2-1 என்று ஜெயித்துத் தங்கம். 1960 ரோம் ஒலிம்பிக் அணியில் நம் சைமன் சுந்தரராஜ் இருந்தார், இந்தத் தமிழ் மனசுக்கு அதில் தனிப் பெருமை. அந்த ரஹீமிடம் 1950இலிருந்து 1963 வரை அணி இருந்தது. இடையில் எத்தனை தோல்வி! 1952 ஹெல்சிங்கியில் யூகோஸ்லாவியா நமக்குப் பத்து கோல் போட்டது. இன்று அப்படி ஒன்று நடந்தால் விமானம் தரையிறங்கும் முன்பே அவரை மாற்றச் சொல்லியிருப்போம்.

சரி, என்ன செய்யலாம் என்கிறீர்களா? எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். ஜமீலை இருக்க விடுங்கள். தப்புச் செய்தால் தப்பு என்று சொல்லுங்கள், ஆனால் வேலையை விட்டுப் போ என்று கத்தாதீர்கள். அந்தக் கத்தலை அப்படியே கூட்டமைப்பின் பக்கமும் கிளப்புகளின் பக்கமும் திருப்புங்கள். லீக் தொடங்கும் தேதியைக் கேளுங்கள். ஒவ்வோர் அணியிலும் ஓர் இந்திய ஸ்ட்ரைக்கர் சீசனில் இத்தனை நிமிடம் நடுவில் ஆடியே ஆக வேண்டும் என்று விதி கொண்டுவரச் சொல்லுங்கள். அது முடியாதென்றால் ரிசர்வ் அணிகளுக்காவது வருடத்தில் முப்பது ஆட்டம் வையுங்கள் என்று கேளுங்கள். கோச்சைத் தூக்குவது அவர்களுக்குச் சுலபம். ஒரு அறிக்கை, ஒரு நன்றி, ஆறு மாதத்துக்கு நம் வாயை அடைத்துவிடலாம். கான்ஸ்டன்டைன் போனபோதும் ஸ்டிமாச் போனபோதும் மார்க்கேஸ் போனபோதும் அப்படித்தான் நம் வாய் அடைபட்டது.

2026 மார்ச் 31ஆம் தேதி ஹாங்காங்கோடு சொந்த மண்ணில் ஓர் ஆட்டம் மிச்சம் இருக்கிறது. ஜெயித்தாலும் ஆசியக் கோப்பைக்குப் போக மாட்டோம். எந்த ஊரில் வைத்தாலும் நான் போகிறேன். கையில் ஒரு துணி பேனர் இருக்கும். அதில் எந்தக் கோச்சின் பெயரும் இருக்காது, ‘ஒன்பதாம் நம்பர் எங்கே?’ என்று மட்டும் எழுதியிருக்கும். பிடிக்க இன்னும் மூன்று பேர் தேவை, துணி பெரியது. முடிந்தால் அந்தப் பையனையும் கூட்டிக்கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
உங்களோடு சேர்ந்து கத்தும் ஒரு சென்னை ரசிகன்