எங்கள் மெஷின்களை மறுபடி ஓட வைத்தவர்களுக்கு

நம்மூர் மக்களுக்கும், வெளியூரிலிருந்து உதவிய எல்லோருக்கும் எங்கள் மகளிர் குழுவின் வணக்கம்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணிக் கரையில் வெள்ளம் வந்தது உங்களுக்கே தெரியும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை என்று பேப்பரில் படித்திருப்பீர்கள். எங்கள் தையல் கூடத்தில் ஜன்னல் மட்டத்துக்குத் தண்ணீர் நின்றது. அதைத் திரும்பச் சொல்ல இன்னும் தெம்பில்லை. நன்றியை மட்டும் சொல்லிவிடுகிறோம்.

முதலில் அந்த அண்ணாச்சிக்கு. பேர் போடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். சேறு அள்ளி முடித்து, மெஷின்களை வாசலில் வரிசையாகப் போட்டு, பழைய இரும்புக் கடைக்கும் சொல்லி அனுப்பியிருந்தோம். சைக்கிளில் போய்க்கொண்டிருந்தவர் இறங்கி வந்து ஒரு மெஷினின் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்த்தார். அசையவில்லை. "தூர எறிஞ்சிராதிய தாயி, இரும்பு பிழைச்சுக்கிடும்" என்றார்.

மறுநாள் காலையிலேயே மண்ணெண்ணெய் கேன், திருப்புளி, பழைய பல் பிரஷ்களோடு வந்து உட்கார்ந்தார். பாபின் கேஸ், ஷட்டில், துணியை நகர்த்தும் பல் என்று ஒவ்வொன்றாகக் கழற்றி ஊறப் போட்டார். உள்ளே வண்டல் கெட்டியாக அப்பியிருந்தது. ஊசியால் கிண்டி எடுத்து, துடைத்து, ஆயில் விட்டு, சக்கரம் லேசாகச் சுற்றும் வரை ஒன்றையும் கீழே வைக்கவில்லை. மோட்டார்களைத் தனியாக வெயிலில் வைத்து, "ஈரம் காயாம கரண்ட் குடுத்திரப்பிடாது" என்று ஆளுக்கு ஒரு தடவை எச்சரித்தார். சாப்பாடு மட்டும் வாங்கிக்கொண்டார். காசு நீட்டினால் கோபம் வந்தது. லீவில் இருந்த எங்கள் பெண் பிள்ளைகளைப் பக்கத்தில் உட்கார வைத்து, கழற்றியதையெல்லாம் அவர்களையே பூட்டச் சொன்னார். பிளஸ் டூ முடித்துவிட்டு வீட்டில் இருந்த ஒரு பிள்ளை இப்போது பக்கத்துத் தெருக்களில் மெஷின் சர்வீஸ் பார்த்துச் சம்பாதிக்கிறாள்.

அரிசி, பாய், போர்வை எல்லாம் வந்தன. அரசு நிவாரணம் 6,000 ரூபாயும் வந்தது. அப்போது மாதாமாதம் வந்த மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாயும் பெரிய தெம்புதான். ஆனாலும் பிள்ளைகளின் ஃபீஸும் குழுக் கடன் தவணையும் தையல் கூலியில்தான் ஓடுகின்றன. பார்க்க வந்தவர்கள் எல்லோரும் வீடு என்னாச்சு, ஆடு மாடு என்னாச்சு என்று அக்கறையாகக் கேட்டார்கள். மெஷினைப் பார்த்து நின்ற முதல் ஆள் அண்ணாச்சிதான். எங்களைச் சம்பாதிக்கிற ஆட்களாக அவர் பார்த்ததில் எங்களுக்கு எவ்வளவு தைரியம் வந்தது என்று எழுதத் தெரியவில்லை.

அப்புறம், சர்ச்சிலும் பள்ளிவாசலிலும் கோயில் மண்டபத்திலும் இடம் கொடுத்துச் சோறு போட்டவர்கள், புது மோட்டாருக்குப் பணம் அனுப்பிய சென்னை, துபாய்ப் பிள்ளைகள், பாக்கியைப் பற்றி வாயே திறக்காத நூல் கடைக்காரர், சேறு படிந்த கிறிஸ்துமஸ் துணியைத் துவைத்து எடுத்து வந்து "இதையே தைச்சுக் குடுங்க" என்ற மதினிமார், எல்லோருக்கும் நன்றி.

வாரச் சேமிப்பில் ஒரு பங்கை மெஷின் பழுதுக்கென்றே தனியாக எடுத்து வைப்பதாகக் குழுவில் தீர்மானம் போட்டிருக்கிறோம். எந்த ஊரிலாவது தண்ணீரில் மூழ்கிய மெஷின்கள் கிடந்தால் எடைக்குப் போடும் முன் எங்களுக்குத் தகவல் சொல்லுங்கள். இரண்டு பிள்ளைகளோடு வருகிறோம். கூலி வேண்டாம், பஸ் செலவும் எங்களுடையது.