ஓ.ஜே. போய்ச் சேர்ந்துவிட்டான், மாப்பிள்ளை

லாஸ் ஏஞ்சல்ஸ்
19.5.2024

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. பதில் எழுதாததற்குச் சோம்பல்தான் காரணம், முழங்கால்மேல் பழி போட மாட்டேன். ஆபரேஷன் முடிந்து இப்போது கைத்தடி இல்லாமல் தெருமுனை வரைக்கும் போய் வருகிறேன். மாடிப்படியைக் கண்டால்தான் இன்னும் பயம். தங்கச்சிக்குச் சர்க்கரை குறைந்திருக்கிறது என்று எழுதியிருந்தாய், சந்தோஷம். நீயும் அந்த இரண்டாவது டம்ளர் காப்பியை விட்டால் நல்லது. விட மாட்டாய், தெரியும்.

கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் ஒரு கேள்வி போட்டிருந்தாய். கொலை வழக்கில் விடுதலையான ஓ.ஜே. சிம்ப்சன் செத்துப்போனதாகப் பேப்பரில் பார்த்தேன், நீ அப்போது அந்த ஊரில்தானே இருந்தாய், நிஜமாகவே அவன்தான் கொன்றானா, கொன்றான் என்றால் தீர்ப்புச் சொன்ன பன்னிரண்டு பேர் ஜூரிக்குப் பணம் போனதா என்று. முப்பத்தைந்து வருஷம் வக்கீல் குமாஸ்தாவாகக் கேஸ் கட்டு சுமந்தவனுக்கு முதலில் பணம்தான் நினைவுக்கு வரும். உன்னைச் சொல்லிக் குற்றமில்லை. ஆனால் பணம் போகவில்லை. என்ன நடந்தது என்று சொல்ல நாலு பக்கமாவது வேண்டும், கண்ணாடியைப் போட்டுக்கொள்.

ஆளைப் பற்றி முதலில். இங்கே ஃபுட்பால் என்றால் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடுவது, நம்ம பாளையங்கோட்டை மைதானத்தில் உதைத்தோமே, அது இல்லை. அதில் 1973-ல் ஒரே சீசனில் 2,003 யார்டு ஓடியவன் சிம்ப்சன். இரண்டாயிரத்தைத் தாண்டிய முதல் ஆள் அவன்தான். அதற்குப் பிறகு சினிமா, வாடகைக் கார் விளம்பரம். டிவியில் கோட்டு சூட்டோடு விமான நிலையத்தில் ஓடுவான். வெள்ளைக்காரர்கள் வீட்டில் கூப்பிட்டு உட்கார வைத்த கறுப்பன். 'நான் கறுப்பன் இல்லை, நான் ஓ.ஜே.' என்று சொல்லுவான் என்பார்கள். இதை மனதில் வைத்துக்கொள், பின்னால் தேவைப்படும்.

1994 ஜூன் 12 ராத்திரி, இந்த ஊரில் பிரென்ட்வுட் என்ற பகுதியில் அவனுடைய முன்னாள் மனைவி நிக்கோலை வீட்டு வாசலில் குத்திப் போட்டிருந்தார்கள். கூடவே ரான் கோல்ட்மேன் என்ற பையன், இருபத்தைந்து வயசு. ஓட்டலில் வேலை பார்த்தவன். நிக்கோலின் அம்மா சாப்பிட வந்த இடத்தில் மறந்துவிட்ட மூக்குக் கண்ணாடியைக் கொடுக்கப் போனவன். மாடியில் இரண்டு குழந்தைகள் தூங்கிக்கொண்டிருந்தன. ரத்தச் சொட்டு, ஷூ தடம், அங்கே ஒரு கையுறை, சிம்ப்சன் வீட்டில் அதன் ஜோடி. இவ்வளவு தடயம் கிடைத்தால் நம்ம ஊர் இன்ஸ்பெக்டர் அன்றைக்கே நிம்மதியாகத் தூங்கப் போயிருப்பார்.

நான் என்ன நினைக்கிறேன் என்று கேட்டாயே. அவன்தான் செய்தான் என்றுதான் நினைக்கிறேன். அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். ஆனால் அந்தத் தீர்ப்பைப் பற்றி அன்று நினைத்ததை இன்று நினைக்கவில்லை.

அதற்கு மூன்று வருஷம் பின்னால் போக வேண்டும். 1991 மார்ச் 3-ம் தேதி ராட்னி கிங் என்ற கறுப்பரைப் போலீஸ்காரர்கள் ரோட்டில் போட்டுத் தடியால் அடித்தார்கள். எதிர் வீட்டுப் பால்கனியில் இருந்து ஒருவர் வீடியோ எடுத்துவிட்டார். உலகமே பார்த்தது. அடுத்த இரண்டே வாரத்தில் லட்டாஷா ஹார்லின்ஸ் என்ற பதினைந்து வயசுப் பெண். 1 டாலர் 79 சென்ட் விலையுள்ள ஒரு பாட்டில் ஜூஸைத் திருடுகிறாள் என்று நினைத்துக் கடைக்காரம்மா சண்டை போட்டாள். கைகலப்பு முடிந்து பெண் திரும்பி நடக்கும்போது பின்மண்டையில் சுட்டாள். பெண்ணின் கையில் இரண்டு டாலர் இருந்தது. அது ஆரஞ்சு ஜூஸ். இங்கே அதைச் சுருக்கி 'ஓ.ஜே.' என்றுதான் சொல்வார்கள். ஜூரி குற்றவாளி என்றது, ஆனால் நீதிபதி ஒரு நாள்கூட ஜெயில் கொடுக்கவில்லை. நன்னடத்தைக் கண்காணிப்பு, 500 டாலர் அபராதம், சமூக சேவை. அவ்வளவுதான். 1992 ஏப்ரல் 29-ல் கிங்கை அடித்த போலீஸ்காரர்களையும், கறுப்பர் ஒருவர்கூட இல்லாத ஜூரி விடுவித்தது. அன்று சாயங்காலம் ஊர் பற்றி எரிந்தது உனக்கு ஞாபகம் இருக்கும், நீ டிரங்க் கால் போட்டு விசாரித்தாய். ஐம்பது பேருக்கு மேல் செத்தார்கள். ஆபீஸ் ஜன்னலில் இருந்து தெற்கே ஏழெட்டு இடத்தில் புகை எழும்புவதைப் பார்த்தேன். எனக்கு அன்று என் கார் பத்திரமாக இருக்கிறதா என்ற கவலைதான் பெரிதாக இருந்தது.

அந்தச் சாம்பல் ஆறுவதற்குள் ஓ.ஜே. வழக்கு. கோர்ட்டும் அதே ஊரின் நடுவில், டவுன்டவுனில். ஜூரியில் ஒன்பது கறுப்பர், இரண்டு வெள்ளையர், ஒரு லத்தீனோ. பன்னிரண்டு பேரில் பத்துப் பேர் பெண்கள். அவர்களை எட்டு மாதத்துக்கு மேல் ஓட்டலில் அடைத்து வைத்தார்கள். பேப்பர் கிடையாது, டிவி கிடையாது. உன்னை அப்படி வைத்திருந்தால் ஒரே வாரத்தில் யாரையாவது நீயே கொலை செய்திருப்பாய்.

சிம்ப்சன் வீட்டில் கையுறையைக் கண்டெடுத்த துப்பறிவாளன் பெயர் மார்க் ஃபியூர்மன். கறுப்பர்களை இழிவாகச் சொல்லும் அந்த வார்த்தையைப் பத்து வருஷத்தில் ஒரு தடவையாவது சொன்னதுண்டா என்று குறுக்கு விசாரணையில் கேட்டார்கள். இல்லவே இல்லை என்று சத்தியம் செய்தான். கொஞ்ச மாதத்தில் டேப் வந்தது. சினிமாக் கதை எழுதும் ஒரு அம்மாவிடம் வருஷக்கணக்காகப் பேசிப் பதிவானது. அந்த வார்த்தையை நாற்பது தடவைக்கு மேல் சொல்லியிருக்கிறான். ஆட்களை அடித்ததையும் கேஸ் ஜோடித்ததையும் பெருமையடித்திருக்கிறான். திரும்பக் கூண்டில் ஏற்றி, 'இந்த வழக்கில் நீ தடயம் ஏதாவது ஜோடித்தாயா?' என்று கேட்டபோது, எனக்கு எதிராக நானே சாட்சி சொல்லாமல் இருக்கும் உரிமையைப் பயன்படுத்துகிறேன் என்றான். அப்போது ஜூரி உள்ளே இல்லை. டேப்பிலும் அவர்கள் காதில் விழுந்தது இரண்டே துண்டு. அந்த இரண்டு துண்டே போதும்.

இன்னொருத்தன் செய்தது உனக்குத்தான் நன்றாகப் புரியும். சிம்ப்சனிடம் எடுத்த ரத்தத்தை உடனே கணக்கில் ஏற்றாமல், பாட்டிலைக் கவரில் போட்டு எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்கே போனார் ஒரு மூத்த துப்பறிவாளர். நம்ம பாஷையில் சொன்னால் மகஜர், அதாவது தடயத்தைக் கைப்பற்றிய பதிவு, சுத்தமில்லை. உங்கள் சீனியர் கையில் இது கிடைத்திருந்தால் என்ன செய்திருப்பார்? அந்த ரத்தத்தைத் தடயத்தில் தெளித்திருக்கலாமே என்ற சந்தேகத்தில், டிஎன்ஏ நிபுணர்கள் வாரக்கணக்கில் சொன்னதெல்லாம் அந்தப் பாட்டிலுக்குள்ளே போய்விட்டது. போதாக்குறைக்கு அரசுத் தரப்பு வக்கீல் டார்டன், எல்லார் முன்னாலும் கையுறையைப் போட்டுப் பார்க்கச் சொன்னார். உள்ளே ரப்பர் உறை, ரத்தத்தில் நனைந்து காய்ந்த தோல். கை நுழையவில்லை. அவன் விரலை விரித்து வைத்துக்கொண்டு முக்கினான், நடிகன்தானே. பதில் தெரியாத கேள்வியைச் சாட்சியிடம் கேட்காதே என்று உங்கள் சீனியர் திட்டுவார் என்பாயே, அதுதான்.

எதிர்த் தரப்பில் ஜானி காக்ரன். இந்த ஊரில் போலீஸால் செத்த கறுப்பர்களின் குடும்பங்களுக்காக அறுபதுகளில் இருந்தே வழக்காடி வந்தவர். நடுவில் அரசு வக்கீல் ஆபீஸில் மூன்றாம் இடத்தில் இருந்தார். அப்போது ஒரு நாள் அவருடைய காரை மறித்து, பின் சீட்டில் குழந்தைகள் பார்த்துக்கொண்டிருக்க, அவர்மேலேயே துப்பாக்கியை நீட்டியது போலீஸ். அவர் 'போலீஸ் பொய் சொல்லும்' என்று சொன்னால் அந்த ஒன்பது பேருக்கு அது வக்கீல் வாதமாகப் படவில்லை. வீட்டுச் செய்தி போல இருந்தது. ஆள் யோக்கியம் என்று சொல்ல வரவில்லை. ஜூரி சிம்ப்சன் வீட்டைப் பார்க்க வரும் முன் சுவரில் இருந்த வெள்ளைக்கார நண்பர்கள் படத்தையெல்லாம் கழற்றிவிட்டுக் கறுப்பர் படங்களை மாட்டி வைத்த கூட்டம் அது. 'கறுப்பன் இல்லை' என்றவனை ஒரே மத்தியானத்தில் கறுப்பனாக்கிவிட்டார்கள்.

1995 அக்டோபர் 3, காலை பத்து மணி. எங்கள் ஆபீஸ் மீட்டிங் அறையில் டிவி வைத்திருந்தார்கள். மேஜையைச் சுற்றி மானேஜர்களும் எங்கள் கம்ப்யூட்டர் பிரிவும். வாசலை ஒட்டி நின்றது தபால் பிரிவு, கணக்குப் பிரிவுப் பெண்கள். யாரும் பிரித்து வைக்கவில்லை, தானாக அப்படி நின்றோம். நான் மேஜைப் பக்கம், பக்கத்து நாற்காலியில் என் மேலாளர். எட்டு மாத வழக்குக்கு நாலு மணி நேரம்கூட ஜூரி பேசவில்லை என்பதால் தண்டனைதான் என்று எல்லாரும் முடிவு கட்டியிருந்தோம். 'நாட் கில்ட்டி' என்றதும் வாசலில் இருந்து ஒரு கூச்சல். ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். மேஜைப் பக்கம் யாரும் மூச்சு விடவில்லை. மேலாளர் பேனாவை மூடினார், 'அநியாயம்' என்றார். நானும் 'ஆமாம், அநியாயம்' என்றேன். கறுப்பாக இருந்துகொண்டுதான் சொன்னேன்.

மத்தியானம் தபால் பிரிவுப் பெரியவரிடம், உங்களுக்கு அந்தப் பையன் கோல்ட்மேனை நினைத்தால் பாவமாக இல்லையா என்று கேட்டேன். 'பாவம்தான். நான் ஓ.ஜே.வுக்காகக் கத்தவில்லை, ஜானிக்காகக் கத்தினேன்' என்றார். எனக்கு அது நொண்டிச் சாக்காகப் பட்டது. வெகுநாள் கழித்து ஒரு ஆவணப்படத்தில், ஜூரியில் இருந்த ஓர் அம்மா, ராட்னி கிங்குக்குப் பதிலடியாகத்தான் அவர்களில் தொண்ணூறு சதவீதம் பேர் அப்படி முடிவு செய்தார்கள் என்று சொன்னார். அதே ஜூரியில் இருந்த வேறு சிலர் அதெல்லாம் இல்லை, போலீஸ் தரப்பில் ஓட்டை, சந்தேகத்தின் பலனைக் கொடுத்தோம் என்றார்கள். இரண்டும் உண்மையாக இருக்கலாம். ஓட்டையும் போலீஸ் போட்டதுதானே.

எனக்கு ஆறாதது ஒன்று உண்டு. இந்த போலீஸ் சிம்ப்சனுக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை. 1989 புது வருஷ விடியற்காலையில் நிக்கோல் அடிபட்ட முகத்தோடு புதர் மறைவில் இருந்து ஓடிவந்து, 'என்னைக் கொல்லப் போகிறான்' என்று கத்தினாள். எத்தனை தடவை வந்தீர்கள், ஒரு தடவையாவது அவனை ஏதாவது செய்தீர்களா என்று கேட்டாள். அந்த வழக்கிலும் அவன் ஜெயிலுக்குப் போகவில்லை. அவன் வீட்டுக்கு விருந்தாளியாக வந்துபோன போலீஸ்காரர்கள் உண்டு. ஊரில் கறுப்பர்கள் பட்ட அடிக்கான வட்டியெல்லாம் கடைசியில், அடி படாத ஒருத்தன் கணக்கில் வரவானது. ஹார்லின்ஸ் பெண்ணின் பாட்டிக்கு நியாயம் கிடைக்கவில்லை.

1997-ல் சிவில் வழக்கு. இந்தத் தடவை பக்கத்து ஊரான சான்டா மோனிகாவில், ஜூரியில் பெரும்பாலும் வெள்ளையர். கொன்றது அவன்தான், 33.5 மில்லியன் டாலர் நஷ்ட ஈடு என்றார்கள். அதை வைத்து 'பார்த்தாயா, வெள்ளைக்கார ஜூரி என்றால் வேறு தீர்ப்பு' என்று சொல்கிறவர்கள் பாதியைத்தான் சொல்கிறார்கள். சிவிலில் நிரூபணத்தின் அளவு குறைவு. அவனே கூண்டில் ஏறவும் வேண்டியிருந்தது. அந்த ஷூவை நான் போட்டதே இல்லை என்று சொன்ன பிறகு அதே ஷூவோடு முப்பது போட்டோ கிடைத்தது.

என் கதைக்கு வருகிறேன். குடியுரிமை வாங்கிய பிறகு எனக்கும் ஜூரி சம்மன் வந்தது. டெம்பிள் தெருவில் அதே கிரிமினல் கோர்ட் கட்டடம். ஏதோ கடைக் கொள்ளை வழக்கு. எங்களை வரிசையாக உட்கார வைத்து, போலீஸோடு கசப்பான அனுபவம் யாருக்காவது உண்டா என்று நீதிபதி கேட்டார். வரிசையில் இருந்த கறுப்பர்கள் ஒருவர் விடாமல் கை தூக்கினார்கள். தயக்கமே இல்லை, நம்மைப் பார்த்து 'பல் வலி வந்ததுண்டா' என்று கேட்டால் எப்படித் தூக்குவோமோ அப்படி. என் பக்கத்தில் ஓர் அம்மா, ஸ்கூல் பஸ் ஓட்டுகிறவர். என் மகனை ஒரே தெருவில் மூன்று தடவை நிறுத்தி மண்டியிட வைத்தார்கள், மூன்றாம் தடவை நானும் கூட இருந்தேன் என்றார். போலீஸ் சாட்சியை நம்புவீர்களா என்றதற்கு, 'முயற்சி செய்கிறேன்' என்றார். என்னிடம் கேட்டார்கள். சத்தியம் செய்து சொன்னால் நம்புவேன், ஏன் நம்பக் கூடாது என்றேன். ஏதோ நல்ல பிள்ளை மாதிரி.

இரண்டாம் நாள் அரசு வக்கீல் அந்த அம்மாவை வேண்டாம் என்று அனுப்பினார். அடுத்த நிமிஷம் எதிர்த் தரப்பு வக்கீல் என்னை அனுப்பினார். இரண்டு பேரும் ஒரே லிஃப்ட்டில் இறங்கினோம். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, 'நீங்கள் இந்த ஊருக்கு எப்போது வந்தீர்கள்?' என்று கேட்டார். 87-ல் என்றேன். 'இத்தனை வருஷத்தில் உங்களை ஒரு தடவைகூட நிறுத்தியதில்லையா?' நிறுத்தியிருக்கிறார்கள், வேகமாகப் போனதற்கு, 'நன்றி, சார்' என்று சொல்லி அனுப்பினார்கள் என்றேன். அந்த அம்மா சிரித்தார் பார், கீழ்த்தளம் வரும்வரை சிரித்தார்.

இரண்டாம் நாளுக்கு மட்டும் 15 டாலரும் வண்டிக் கூலியும் செக்காக வந்தது. உன் மருமகள் அதை மாற்ற விடாமல் எங்கேயோ எடுத்து வைத்திருக்கிறாள்.

டிசம்பர் கடைசியில் வரலாம் என்று இருக்கிறோம், டாக்டர் சரி என்றால். இருட்டுக்கடையில் எனக்காக வரிசையில் நிற்க வேண்டாம், நானே வந்து நிற்கிறேன். முழங்காலுக்கு அது ஒரு பயிற்சி.

உன்,
சங்கரன்