நெல் எடைத் திரையில் இடம் மாறும் கணக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அறுவடைக் காலத்தில் நெல் வியாபாரிகளும் அரிசி ஆலைக்காரர்களும் எடை போட்ட கையோடு கணினியில் கணக்கு ஏற்றுகிறார்கள். அந்தத் திரைகளை எழுதித் தரும் தஞ்சை, கும்பகோணம், மயிலாடுதுறை இளைஞர்கள் கவனிக்க வேண்டிய பிழை ஒன்று உண்டு.

ஒரு விவசாயி ஆடுதுறை 43 மட்டும் கொண்டுவருவார். இன்னொருவர் மூன்று ரகம் இறக்குவார். ரகத்துக்கு ஒன்றாகத் திரையில் எத்தனை வரிசை தேவை என்பது முன்கூட்டித் தெரியாததால், பொத்தானை அழுத்தும்போதுதான் வரிசை உருவாகிறது. அதில் எடையைத் தட்டும் பெட்டிக்கு எடை1, எடை2 என்று ஐடி (அடையாளப் பெயர்) வைத்து, பிறகு அந்த எண்ணைக் கொண்டு தேடுவதே தவறின் வேர். மூன்று வரிசையில் இரண்டாவதை அழித்துவிட்டுப் புதிதாக ஒன்று சேர்த்துப் பாருங்கள். இருப்பது இரண்டு, அடுத்தது மூன்று என்று நிரல் எண்ணும்; எடை3 இரண்டாகிவிடும். ஐடியைக் கொண்டு பெட்டியைத் தேடும் ஜாவாஸ்கிரிப்ட் கட்டளையான கெட்எலிமென்ட்பைஐடி முதலில் நிற்பதை மட்டுமே தரும். புது வரிசையின் எடை கணக்கில் சேராமலே போகும். அது ஒருவருடைய விளைச்சலுக்கான பணம்.

பெட்டியை உருவாக்கும்போதே நிரல் அதைத் தன் நினைவில் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு வரிசைக்கும் திரும்ப வராத ஒரு தொடர் எண் கொடுத்து, அந்த எண்ணின் கீழ் பெட்டிகளையும் பதிவையும் (அந்த வரிசைக்கு நிரல் வைத்திருக்கும் கணக்கு) ஒரு மேப்பில் (எண்ணைச் சொன்னால் அதற்குரியதை எடுத்துத் தரும் பட்டியல்) சேர்த்து வைத்தால் தேடும் வேலையே இல்லை. திரைப் பகுதியின் குறிமொழியை ஒரே எழுத்துச்சரமாகத் தரும் இன்னர்எச்டிஎம்எல்லோடு கூட்டி வரிசை சேர்ப்பதை அறவே விட வேண்டும்; அது பழைய பெட்டிகளையும் அழித்துப் புதிதாக எழுதுவதால் தட்டிய எண்கள் மறைந்து, பிடித்து வைத்தவை வெற்றாகிவிடும். இருப்பவற்றைத் தொடாமல் கடைசியில் ஒன்றைச் சேர்க்கும் அப்பெண்ட் கட்டளை போதும்.

பெட்டியில் தட்டுவது பதிவுக்குப் போக வேண்டும், பதிவு மாறினால் பெட்டியும் மாற வேண்டும். இந்த இருவழி இணைப்பில் ஈரப்பதக் கட்டம்தான் அதிகம் படுத்தும். 16.5 என்று அடிக்கப் போகிறவர் '16.' வரை வந்ததும் நிரல் அதை 16 என்று எண்ணாக்கித் திருப்பி எழுதினால் புள்ளி காணாமல் போகும். அடுத்து 5 அடித்தால் 165. ஆகவே தட்டிக்கொண்டிருக்கும் பெட்டியில் திருப்பி எழுதக் கூடாது, அதை விட்டு வெளியேறிய பிறகே எழுத வேண்டும். பெட்டி தருவது எழுத்துச்சரம் என்பதையும் மறக்கக் கூடாது. எண்ணாக மாற்றாமல் 40 கிலோவோடு 12ஐக் கூட்டினால் 4012 வரும்.

வரிசையை அழிக்கும்போது மேப்பிலிருந்தும் எடுத்து, பதிவோடு உள்ள இணைப்பையும் அவிழ்க்க வேண்டும். இல்லையென்றால் திரையில் இல்லாத வரிசை மொத்த எடையில் தொடர்ந்து சேரும்.

ஆலைக்காரர்கள் இதைத் தாங்களே சோதிக்கலாம். மூன்று வரிசை சேர்த்து 40, 80, 120 என்று நிரப்பி, நடுவரிசையை அழித்து, புதிதாக ஒன்றில் 200 போட்டு, 120ஐ 125 ஆகத் திருத்திச் சேமியுங்கள். ரசீதில் 365 வராவிட்டால் அந்த மென்பொருளைக் களத்தில் இறக்க வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கும்பகோணம்.