ஒரே வேதம், ஆனால் ஒன்றல்ல

ஆசிரியருக்கு,

யூதர்களின் வேதமும் கிறிஸ்தவர்களின் பழைய ஏற்பாடும் ஒன்றே என்று உங்கள் ஞாயிறு இதழில் படித்தேன். முழுக்கச் சரியல்ல. யூதர்கள் 24 நூல்களாக எண்ணுவதைத்தான் சீர்திருத்த சபையார் (புராட்டஸ்டண்டுகள்) 39 ஆக எண்ணுகிறார்கள். ஓசியா முதல் மல்கியா வரை 12 தீர்க்கதரிசிகளும் யூதர்களுக்கு ஒரே நூல். கத்தோலிக்கருக்கு 46. யூதர்களின் ஹனுக்கா பண்டிகையின் பின்னணியைச் சொல்லும் மக்கபேயர் நூல்கள் கத்தோலிக்கரிடம் உண்டு, யூத வேதத்தில் இல்லை! இது எனக்கு இன்றும் வியப்புதான்.

அப்புறம், வரிசை. யூத வேதம் நாளாகமம் என்ற நூலோடு முடிகிறது. எருசலேமுக்குப் போகலாம் என்று பாரசீக ராஜாவான கோரேஸ் விடுக்கும் அழைப்பே அதன் கடைசி வரி. நம் பரிசுத்த வேதாகமத்திலோ பழைய ஏற்பாட்டின் முடிவில் வருவது, தீர்க்கதரிசி எலியாவை அனுப்புவேன் என்ற மல்கியாவின் வாக்கு. பக்கத்தைப் புரட்டினால் புதிய ஏற்பாட்டின் முதல் நூலான மத்தேயு. இந்த வேறுபாட்டையும் ஒரு பெட்டிச் செய்தியாக வெளியிட வேண்டுகிறேன்.

– வாசகர், பாளையங்கோட்டை