வயதை விடுங்கள், கால்விரலை எழுதுங்கள்

ஆசிரியருக்கு,

உங்கள் பேப்பரில் அடிக்கடி வருகிற செய்திதான். "உருக்குலைந்த நிலையில் ஆணின் சடலம் மீட்பு, சுமார் 55 வயது மதிக்கத்தக்கவர், இன்னும் அடையாளம் காணப்படவில்லை." போன வருசம் அப்படியொன்றை நானே வாசித்து, வீட்டில் சத்தமாகச் சொல்லியும் விட்டு, பேப்பரை மடித்து வைத்தேன். அது என் பெரியப்பா.

அவருக்கு 71 வயது, மறதி வருத்தம். ஒரு விடியக்காலை குருமண்வெளித் துறையில், மட்டக்களப்பு வாவியை (எங்களுக்கு அது ஆறு) கடக்கிற பாதையில், அதாவது மிதவையில் ஏறி மண்டூருக்குப் போயிருக்கிறார், கோயிலுக்கென்றுதான் வெளிக்கிட்டிருப்பார், அதற்குப் பிறகு எந்தப் பக்கம் நடந்தாரோ தெரியாது. நாங்கள் ஆற்றுக்குக் கிழக்கே எழுவான்கரை முழுக்க, கல்முனை வரைக்கும் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகத் தேடிக்கொண்டிருக்க, அவர் மேற்கே படுவான்கரையில் ஒரு பற்றைக்குள் கிடந்திருக்கிறார். மாடு தேடிப் போனவர்கள்தான் கண்டது. 55 வயது என்றதும் நம்மாள் இல்லை என்று விட்டுவிட்டோம்.

எங்கள் வெயிலுக்கு இரண்டு மூன்று நாள் வெளியில் கிடந்தாலே முகம் ஊதிக் கறுத்துவிடும், சுருக்கமெல்லாம் இழுபட்டுப் போகும், பெற்ற பிள்ளைக்கே மட்டுக்கட்ட ஏலாது. அந்த முகத்தைப் பார்த்து வயது சொல்வது வெறும் குத்துமதிப்பு. ஆனால் பெரியப்பாவின் இடது காலில் இரண்டு விரல் இல்லை, சீனி வருத்தத்தில் எடுத்தது. சட்ட வைத்திய அதிகாரி அதைக் குறித்துத்தான் வைத்திருந்தார். செய்தி கொடுத்தவர்கள் சொல்லவில்லை, எழுதியவரும் கேட்கவில்லை. 19 நாள் பிரேத அறையில் கிடந்தார். கடைசியில் மண்டூரில் ஒரு தேத்தண்ணிக் கடையில் யாரோ "ரெண்டு விரல் இல்லாத ஆள்" என்று கதைத்ததைக் கேட்ட சொந்தக்காரர்தான் எங்களுக்குப் போன் எடுத்தார். போய்ப் பார்த்தபோது பெரியம்மா முகத்தைப் பார்க்கவே இல்லை, சாரனின் மூட்டுத் தையலைத்தான் தடவினார், கறுப்பு நூல் முடிந்துபோய் பச்சை நூலில் பெரியம்மாவே தைத்தது.

சாரனை மட்டும் நம்பலாம் என்று சொல்ல வரவில்லை, ஒரே சாரன் ஊரில் நூறு பேரிடம் இருக்கும். கைரேகை, பல், மரபணு, இவைதான் உறுதி. ஆனால் அதற்கெல்லாம் ஒப்பிட்டுப் பார்க்க ஒரு குடும்பம் வேண்டுமே! அந்தக் குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு வரவேண்டியது உங்கள் நாலு வரிதான். தழும்பு, பச்சை குத்தியது, கட்டின பல், அரைநாண், கழுத்துக் கூடு (தாயத்து), சேட்டில் தையற்காரன் பெயர் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதச் சொல்லுங்கள் உங்கள் நிருபர்களை. சடலத்தின் முகத்தைப் போடாதீர்கள், முகநூலில் அது போதுமான அளவு ஓடுகிறது.

2004 சுனாமியில் அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கு மேல் போனார்கள். நோய் பரவும் என்ற பயத்தில் எத்தனையோ உடல்களை யாரென்றே பார்க்காமல் புதைத்தோம், சரி, அன்றைக்கு வேறு வழி தெரியவில்லை. இப்போது ஒரேயொரு உடல், அதுவும் குளிரறையில்.

வீட்டில் மறதிக்காரர் இருக்கிறவர்கள் அவருடைய கிளினிக் கொப்பியைப் பத்திரமாக வையுங்கள். காணாமல் போனால் ஆற்றுக்கு அந்தப் பக்கத்துப் பொலிசிலும் கேளுங்கள். நாங்கள் கேட்கவில்லை.

இப்படிக்கு,
குருமண்வெளி வாசகன்