ஞாயிறு பயணத்துக்கு முதல்: அக்சில் சீல் ஒழுக்கு

வணக்கம் உறவுகளே. என்ரை ஜீப் வாங்கி ஆறு மாசம்தான். மணற்காட்டாலை வந்து கழுவேக்கை பின் இடது சில்லின்ரை உள்பக்கம் ஒயில் வழிஞ்சு, அதிலை மண் அப்பிக் கிடந்தது. தொட்டு மணந்தால் கந்தக நெடி. பிறேக் ஒயில் இல்லை, கியர் ஒயில்.

அக்சில் எண்ட சில்லு அச்சின்ரை முனையிலை ஒயில் வெளியாலை வராமல் தடுக்கிற றப்பர் வளையம்தான் சீல். ஆனால் சீலை மட்டும் குறை சொல்லாதேங்கோ. அக்சிலுக்கு மேலை இருக்கிற சின்னக் காத்துக்குழாய், பிறீதர், அதை முதல் பாருங்கோ. அது மண்ணாலை அடைபட்டால், சூடேறின காத்து வேறை வழியில்லாமல் ஒயிலைச் சீலாலை தள்ளும். சூட்டோடை தண்ணிக்குள்ளை இறக்கினால் காத்துச் சுருங்கி, தண்ணியை உள்ளுக்கை இழுக்கும். ஒயில் பால்தேத்தண்ணி நிறமெண்டால் தண்ணி புகுந்திட்டுது, உடனை மாத்துங்கோ.

டிரம் பிறேக் வண்டியெண்டால் இன்னும் கவனம். டிரம்முக்குள்ளை அழுத்திப் பிடிக்கிற பிறேக் சூ ஒயிலாலை நனைஞ்சால் பிடிக்காது, பிறேக் அடிக்க ஒரு பக்கம் இழுக்கும். துடைச்சுப் போட்டு ஓடாதேங்கோ, இரண்டு பக்கமும் புதுச் சூ போடுங்கோ.

வொறன்ரி உள்ளவை நீங்களாய்க் கழட்டவேண்டாம். திகதி, கிலோமீற்றரோடை படம் எடுத்து வையுங்கோ. என்னை வொறன்ரிக் கராச்சிலை முதல்தரம் "சும்மா கசிவு" எண்டு திருப்பி அனுப்பிச்சினம். படத்தைக் காட்டின பிறகுதான் சீல் மாத்தினவை.

ஞாயிறு புறப்பட முதல் நாலு சில்லுக்கும் உள்பக்கம் ரோச் அடிச்சுப் பாருங்கோ. ஒழுகிற வண்டியைத் தயவுசெய்து கொண்டு வராதேங்கோ.